காட்சியை அளக்கலாமா?

எங்கள் கடற்கரையில் காற்றாலைகள் வரப்போகின்றனவாம். காட்சி கெடும் என்றால், "அது அவரவர் ரசனை" என்கிறார்கள். காட்சியை அளக்க முடியுமா?
– வாசகர், மருதங்கேணி

தாராளமாக முடியும். அழகை விடுங்கள், தெரிவதை அளக்கலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை கிடையாது. எதையும் மறைப்பது பனைதான். 200 மீற்றர் தள்ளி நிற்கும் 20 மீற்றர் உயரப் பனங்கூடல், 1,200 மீற்றருக்கு அப்பாலுள்ள 100 மீற்றர்க் காற்றாலைக் கோபுரத்தை மறைத்துவிடும். வெட்டவெளியிலோ களப்புக் கரையிலோ அதே கோபுரம் முழுசாய்த் தெரியும். ஆகவே கோயில் வாசல், பள்ளிக்கூடம், இறங்குதுறை என்று சனம் கூடும் இடங்களிலிருந்து கண்மட்டத்தில் படமெடுத்து, கோபுரங்களைச் சரியான அளவில் பொருத்திக் காட்டச் சொல்லுங்கள். அகலக் கோண லென்ஸ் படம் வேண்டாம். அதில் கோபுரம் குண்டூசியாகிவிடும். "பளையில் 2014 முதல் காற்றாலைகள் சுழல்கின்றனவே, கண் பழகிவிடும்" என்பார்கள். பழகும்தான். ஆனால் அவற்றோடு இவையும் சேர்ந்தால் எந்தத் திசையில் வெறும் வானம் மிஞ்சும் என்று திருப்பிக் கேளுங்கள். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டப்படி, சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை மக்கள் பார்வைக்கு வந்தால் கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு. அப்போது "வடிவு கெடும்" என்று எழுதினால் கோப்பில் தூங்கும். "இந்த இறங்குதுறையிலிருந்து இத்தனை கோபுரம் தெரியும், படம் இணைத்துள்ளேன்" என்று எழுதுங்கள்.