கண்ணாடிப் பெட்டியும் கைப்பேசியும்

(மூன்றாம் ஆண்டு வணிகவியல் மாணவி ஒருவர்)

முன்னுரை

வணிகவியல் பயில்வோர்க்கு விளம்பரம் என்பது தேர்வில் வரும் ஒரு வினா. எனக்கோ அஃது எங்கள் வீட்டு அடுப்பு எரிவதோடு தொடர்புடைய செய்தி. தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் கடைத்தெருவில் என் தந்தையார் புகைப்பட நிலையம் ஒன்றை நடத்தி வருகிறார். ஊரார் அதனை 'ஸ்டூடியோ' என்றே அழைப்பர். அந்த ஸ்டூடியோ மூடப்படும் நிலைக்கு வந்ததும், சமூக ஊடகங்களின் துணையால் ஓரளவு நிமிர்ந்ததும், அவ்வேளையில் நான் செய்த ஒரு பிழையும் எனக்குக் கற்பித்த பாடத்தை நம் மலரின் வழியே பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அன்றைய விளம்பரம்

மெக்கார்த்தி என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1960இல் வெளியிட்ட நூலில், சந்தையிடுதலைப் பொருள், விலை, இடம், ஊக்குவிப்பு என நான்காகப் பகுத்ததை நாம் வகுப்பில் படித்திருக்கிறோம். புகைப்படத் தொழிலில் இந்நான்கையும் பிரிப்பது கடினம். இங்கே விற்கும் பொருளே விளம்பரமும் ஆகிவிடுகிறது. ஒருவர் வீட்டுச் சுவரில் மாட்டிய படம் அவ்வீட்டுக்கு வரும் உறவினர்க்கெல்லாம் விளம்பரம் அன்றோ!

இது புதிய உண்மையும் அன்று. பாரிஸ் நகரத்தில் டிஸ்டெரி என்பவர் 1854இல் ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஒரே கண்ணாடித் தகட்டில் பல சிறு படங்களைப் பதிவு செய்து, வெட்டி, முகவரி அட்டை அளவிலான அட்டைகளில் ஒட்டித் தரும் முறை அது. அதனால் படத்தின் விலை குறைந்தது. மக்கள் தம் படங்களை உறவினரோடும் நண்பரோடும் மாற்றிக்கொண்டனர். அவற்றைச் சேர்த்து வைக்க ஆல்பங்கள் தோன்றின. ஒவ்வோர் அட்டையின் பின்புறத்திலும் ஸ்டூடியோவின் பெயரும் முகவரியும் அச்சிடப்படுவது வழக்கமாயிற்று. படம் எங்கெங்குச் சென்றதோ, அங்கெல்லாம் கடையின் பெயரும் சென்றது. இன்று நாம் 'பகிர்தல்' என்று கூறுவது அன்றே நடந்தது எனலாம்.

எங்கள் ஸ்டூடியோவின் வாசலிலும் ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. குப்புறக் கவிழ்ந்து தலை நிமிர்த்திப் பார்க்கும் குழந்தை, பட்டமளிப்பு உடையில் ஓர் இளைஞர், அறுபதாம் கல்யாணத்து மாலையோடு ஒரு தம்பதி எனப் பத்துப் பன்னிரண்டு படங்கள் அதில் இருக்கும். பேருந்துக்குக் காத்திருப்போர் நின்று பார்ப்பர், "இது நம்ம கணக்குப்பிள்ளை பேரன்தானே?" என்று தமக்குள் பேசிக்கொள்வர். அந்தப் பேச்சுதான் எங்கள் விளம்பரம். பெட்டியில் ஒரு படம் வைக்கும் முன் அப்பா அவ்வீட்டாரிடம் சென்று கேட்பார். சம்மதித்தால் பெரிய அளவில் ஒரு பிரதி இலவசமாகத் தருவார். நான் அதனைப் பழைய காலத்து மரியாதை என்று மட்டுமே எண்ணியிருந்தேன்.

கைப்பேசி வந்த பின்

ஒவ்வொருவர் கையிலும் ஒரு கேமரா வந்த பிறகு, ஸ்டூடியோவுக்கு வருவோர் குறைந்தனர். பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்றே மிஞ்சியது. 2020இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது திருமணங்கள் சுருங்கின; கடை மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. மீண்டும் திறந்த பின்னும் பழைய வியாபாரம் திரும்பவில்லை. நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டில், விளக்குகளை விற்றுவிட்டு ஜெராக்ஸ் இயந்திரம் வாங்கலாமா என்று அப்பா அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்ததை நான் என் காதாலேயே கேட்டேன். "ஒரு வருஷம் பொறுங்கப்பா, நான் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன பார்ப்பது என்ற கவலை வந்தது.

நான் கற்றவை

முதலில் கூகுள் வரைபடத்தில் எங்கள் கடையின் பெயர், நேரம், தொலைபேசி எண் ஆகியவற்றைப் பதிவு செய்தேன். இதற்குக் கட்டணம் இல்லை. வெளியூரிலிருந்து வந்து 'அருகில் ஸ்டூடியோ எங்கே' என்று தேடுவோர்க்கு இது வழிகாட்டிப் பலகை.

அடுத்து இன்ஸ்டாகிராமில் வணிகக் கணக்கு ஒன்றைத் தொடங்கினேன். 2010இல் தொடங்கப்பெற்ற இத்தளத்தில் 2015 வரை சதுரப் படங்கள் மட்டுமே இட முடியும். இன்று நிமிர்ந்த வடிவிலும் இடலாம். உருவப்படத்திற்கு அதுவே ஏற்றது. கைப்பேசித் திரையில் அது அதிக இடத்தைப் பிடிப்பதால், பார்ப்பவர் கண் சற்று நேரம் நிற்கிறது. வணிகக் கணக்கில் எத்தனை பேர், எவ்வூரினர், எந்நேரத்தில் பார்த்தனர் என்னும் விவரங்களும் கிடைக்கும்.

இங்கேதான் முதல் பாடம் கற்றேன். அக்காலத்தில் எல்லாரும் பயன்படுத்திய ஓர் இசைத் துணுக்கோடு ஸ்டூடியோ விளக்குகள் எரிந்து அணையும் ஒரு சிறு காணொளியை இட்டேன். அதனை ஏராளமானோர் பார்த்தனர். ஆனால் விவரத்தைத் திறந்து பார்த்தபோது பெரும்பாலோர் சென்னை, கோவை, பெங்களூரு நகரத்தார். அவர்களுள் ஒருவராவது படம் எடுக்க எங்கள் ஊருக்குப் பேருந்து ஏறுவாரா? அந்த மாதம் கல்லாப்பெட்டியில் எந்த மாற்றமும் இல்லை. பணம் கட்டி விளம்பரம் செய்தாலும் ஊரைச் சுற்றி இத்தனை கிலோமீட்டர் என்று எல்லை வகுத்துக் கொள்ளாவிடில் இதே கதைதான்.

இரண்டாவது பாடத்தை வாட்ஸ்அப் கற்பித்தது. சிறு வணிகர்க்கெனத் தனிச் செயலியை அந்நிறுவனம் 2018இல் வெளியிட்டது. அதில் படங்களையும் விலைகளையும் பட்டியலாக அடுக்கி வைக்கலாம்; கடை மூடிய நேரத்தில் தானே மறுமொழி அனுப்புமாறும் செய்யலாம். ஆயினும் எங்களுக்கு உண்மையில் பயன்பட்டது 'ஸ்டேட்டஸ்' என்னும் பகுதியே. அதில் வைக்கும் படம் 24 மணி நேரமே இருக்கும். நம் எண்ணை அவரும் அவர் எண்ணை நாமும் சேமித்திருந்தால்தான் தெரியும். குறை போலத் தோன்றும் இதுவே அதன் நிறை. பார்ப்பவர் அனைவரும் அறிந்தவர்.

ஓர் அறுபதாம் கல்யாணத் தம்பதியின் படத்தை அவர்கள் மகளுக்கு அனுப்பினோம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தரம் குறைந்துவிடும். ஆகையால் கோப்பாக அனுப்பினோம். மூலையில் சிறிய எழுத்தில் கடைப்பெயர் இருந்தது. அவர் அதனைத் தம் ஸ்டேட்டஸில் வைத்தார், சகோதரர்களும் வைத்தனர். அவ்வாரமே அவர்கள் உறவில் மூன்று குடும்பங்கள் படம் எடுக்க வந்தன. அன்று முதல் வருவோரிடம் "எப்படித் தெரிந்து வந்தீர்கள்?" என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வந்தேன். உறவினர் பகிர்ந்த படத்தைப் பார்த்து வந்தோரே மிகுதி. எங்கள் பக்கத்தைப் பார்த்து வந்தவர் குறைவு.

ஆக, உருவப்படத் தொழிலில் கடைக்காரர் தம்மைப் புகழ்ந்துகொள்வதைவிட, வாடிக்கையாளர் தம் படத்தைத் தாமே எடுத்துக் காட்டுவதே வலிய விளம்பரம் என்பது கண்கூடு. இதனை நன்கு உணர்ந்திருந்தும் நான் தவறினேன்.

நான் செய்த பிழை

ஒரு தை மாதத்தில் ஓர் அக்கா படம் எடுத்துக்கொள்ள வந்தார். ஜாதகத்தோடு அனுப்புவதற்கான படம். சன்னலோரத்து ஒளியில் அப்பா எடுத்தார். அதுபோல் ஒரு படத்தை எங்கள் கடையில் நான் கண்டதில்லை. கணினியில் அதனைப் பார்த்த அன்றிரவே இன்ஸ்டாகிராமில் இட்டுவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. அதுவரை எங்கள் பக்கத்தில் எந்தப் படத்துக்கும் கிடைக்காத அளவு லைக் கிடைத்தது. நான் மகிழ்ந்து போனேன்.

மூன்றாம் நாள் மாலை அந்த அக்கா கடைக்கு வந்தார். அப்படத்தை யாரோ எடுத்து உறவினர் குழு ஒன்றில் போட்டிருக்கிறார்கள். அதன் கீழே சிலர் வேண்டாத சொற்களை எழுதியிருக்கிறார்கள். அவர்தாம் தம் படத்தை ஊர் பார்க்க வெளியிட்டார் என்று எண்ணி அவருடைய தந்தையார் இரண்டு நாளாக அவரோடு பேசவில்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டு அவர் அமைதியாகக் கேட்டார்:

"படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா யார் பாக்கணும்னு நான்தானேம்மா சொல்லணும்?"

எனக்கு மறுமொழி இல்லை. நண்பர்களே, ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். என் சொந்தக் கணக்கில் என் முகம் கிடையாது. ஒரு செம்பருத்திப் பூதான் இருக்கிறது. என் முகத்தை யார் யாரோ பார்ப்பார்களே என்று அஞ்சிப் பூவை வைத்த நானே, இன்னொரு பெண்ணின் முகத்தைக் கடைச்சரக்காக்கினேன்.

படத்தை உடனே நீக்கினேன். ஆனால் பிறர் கைப்பேசிகளுக்குள் சென்றுவிட்டதை நீக்க எனக்கு வழியில்லை. கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒரு படத்தை எடுத்தால் அதோடு முடிந்தது. இந்தப் பெட்டிக்கோ பின்புறக் கதவுகள் ஆயிரம்.

அப்பா என்னைத் திட்டவில்லை. "ஏம்மா, அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்றார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, என்னையும் அழைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குச் சென்றார். "தப்பு எங்க கடை மேலதான். உங்க பொண்ணுக்கு இதுல ஒண்ணும் தெரியாதுங்க" என்று அந்தப் பெரியவரிடம் நின்றபடியே சொன்னார். முப்பது ஆண்டு தொழில் நடத்திய ஒருவர், மகளின் அவசரத்துக்காக அந்தத் திண்ணையருகே நின்ற காட்சியை நான் மறக்க இயலாது.

சட்டம் சொல்வது

அதன் பின்னரே சட்ட நூல்களைப் புரட்டினேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு என்னை வியப்பில் ஆழ்த்தியது. ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில், விலை பெற்று எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாவிடில், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். எடுத்தவர் நாம், ஆகவே படம் நம்முடையது என்று புகைப்படக்காரர் பலரும் எண்ணுவது பொதுவாகத் தவறு. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017இல் தீர்ப்பளித்தது. 2023இல் நாடாளுமன்றம் இயற்றிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் என்பது வற்புறுத்தலின்றி, இன்னதற்கு என்று தெளிவாக அறிந்து தரப்பட வேண்டும் என்கிறது. தந்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் வழி செய்கிறது. 18 வயது நிரம்பாதவர்க்குப் பெற்றோரின் ஒப்புதல் தேவை என்றும் கூறுகிறது. சட்டம் அறியாமலே அப்பா கண்ணாடிப் பெட்டிக்கு முன் கடைப்பிடித்து வந்த வழக்கம் ஏறத்தாழ இதுவேயன்றோ!

இன்று நாங்கள் செய்வது

இப்போது எங்கள் பற்றுச்சீட்டில் மூன்று கட்டங்கள் அச்சிட்டிருக்கிறோம். 'கடைவாசல் பெட்டியில் வைக்கலாம்', 'இணையத்தில் இடலாம்', 'எங்கும் வேண்டாம்' என்பன அவை. படம் எடுக்கும் முன் குறிக்கச் சொல்வதில்லை. எப்படி அமையும் என்றறியாமல் ஒருவர் எங்ஙனம் சம்மதிப்பார்? படத்தைப் பார்த்த பிறகே கேட்கிறோம். விலை குறைப்பதாகக் கூறிச் சம்மதம் வாங்குவதில்லை. வரன் பார்க்க எடுக்கும் படத்தை எவர் சம்மதித்தாலும் வெளியிடுவதில்லை. குழந்தைகள் படத்தில் பெயர், பள்ளி, ஊர் எதுவும் எழுதுவதில்லை. பின்னாளில் ஒருவர் நீக்கச் சொன்னால் காரணம் கேளாமல் அன்றே நீக்குகிறோம்.

இதனால் எங்கள் பக்கத்தில் படங்கள் குறைந்தன. வாரத்துக்கு ஒன்றோ இரண்டோதான். ஆனால் வருவோர் குறையவில்லை. 'கேட்டுத்தான் போடுவாங்க' என்ற பேச்சு பெண்களிடையே பரவியது. முன்பு கேமராவுக்கு முன் நிற்கத் தயங்கியோரும் வருகின்றனர். அச்சமின்றி அமர்பவர் முகமே படத்தில் அழகாக விழும் என்று அப்பா அடிக்கடி சொல்வார். விளக்குகளை விற்கும் பேச்சு இப்போது வீட்டில் எழுவதில்லை. பெருஞ்செல்வம் சேர்ந்துவிடவில்லை எனினும், வாடகை பாக்கி இல்லை.

முடிவுரை

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் நாளை சிறுதொழில் தொடங்கக்கூடும். சமூக ஊடகத்தை அஞ்சி ஒதுக்க வேண்டா. அஃது இலவசமாகக் கிடைத்த கடைத்தெரு. ஆனால் அங்கே எத்தனை பேர் பார்த்தனர் என்பதைவிட, யார் பார்த்தனர், யாருடைய சம்மதத்தோடு பார்த்தனர் என்பதே கணக்கிடத் தக்கது. உருவப்படம் விற்பவரின் மூலதனம் கேமரா அன்று. தம் முகத்தை நம்மிடம் ஒப்படைப்போரின் நம்பிக்கையே.

சென்ற ஆவணியில் அந்த அக்கா மீண்டும் வந்தார். உடன் கணவரும் இருந்தார். திருமணமான பின் இருவருமாக எடுத்துக்கொள்ளும் முதல் படம். நான் பற்றுச்சீட்டை நீட்டினேன். அவர் புன்னகையோடு 'எங்கும் வேண்டாம்' என்ற கட்டத்தில் குறியிட்டுத் திருப்பித் தந்தார்.

அந்தச் சீட்டின் அடிக்கட்டையை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.