சுண்ணாம்பைச் சுட்டு வயலுக்கு இடுவது ஏன்?

சிவாஜிநகரில் வெற்றிலைச் சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை. அதே சுண்ணாம்பை வயலில் மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறார்கள் என்று நான் சொன்னபோது எங்கள் தெருப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்களில் ஒருவனுடைய தகப்பனார் ஓய்வுப் பணத்தைப் போட்டுக் குடகில் இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம் வாங்கியவர். அவருக்காகவும் இதை எழுதுகிறேன்.

மழை மிகுந்த நாட்டில் நீர், மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடும். மண் புளித்துவிடும். புளித்த மண்ணில் உரம் போட்டாலும் பயிர் சரியாக எடுத்துக்கொள்ளாது. கேரளத்துக் குட்டநாட்டில் இது இன்னும் கடுமை. கடல் மட்டத்துக்கும் தாழ்ந்த அவ்வயல்களில், மண்ணிலுள்ள கந்தகம் காற்றுப்பட்டதும் அமிலமாகிவிடும். அங்குள்ள உழவர்கள் வேம்பநாட்டுக் காயலில் வாரிய கக்காச் சிப்பியைச் சுட்டு, தண்ணீர் தெளித்து, வயலுக்கு இட்டார்கள். மலையாளத்தில் அதற்கு 'நீற்றுகக்கா' என்று பெயர். நம் கொத்தனார்கள் 'நீற்றிய சுண்ணாம்பு' என்பதும் இதைத்தான். திருநீற்றின் 'நீறு'ம் இந்தக் குடும்பத்துச் சொல்லே.

சரி, ஏன் சுட வேண்டும்? சிப்பியை அப்படியே போட்டால் கரையப் பல வருஷம் ஆகும். அரைக்க அந்நாளில் இயந்திரம் ஏது? காளவாயில் சிப்பியையும் கரியையும் அடுக்கி, ஏறத்தாழ 900 டிகிரி வெப்பத்தில் சுட்டால் கரியமிலவாயு வெளியேறிவிடும். சுத்தமான சுண்ணாம்பாக இருந்தால் 100 கிலோ 56 கிலோவாகும். தண்ணீர் தெளித்ததும் அது கொதித்து, பூத்து, தானே மாவாக உதிரும். எடை 74 கிலோ. அந்த 74 கிலோ, பழைய 100 கிலோவின் வேலையைச் செய்யும். அரைக்கும் வேலையை நெருப்பும் நீருமே முடித்துவிட்டன. ரசாயனப் பாடம் படிக்காதவர்கள் கண்ட வழி!

குட்டநாட்டு நெல்லுக்கு இன்றைய பரிந்துரை ஹெக்டேருக்கு 600 கிலோ: முதல் உழவில் 350, ஒரு மாதம் கழித்து 250.

இதைப் படித்துவிட்டு ஊரிலுள்ள கரிசல் நிலத்தில் யாரும் சுண்ணாம்பு கொட்டிவிட வேண்டாம். கரிசலில் ஏற்கெனவே சுண்ணாம்பு உண்டு. மேலும் இட்டால் இரும்பும் துத்தநாகமும் பயிருக்குக் கிட்டாமல் இலை வெளுக்கும்.

காப்பிக்கு மண்ணின் பி.எச். அளவு 6 முதல் 6.5 வரை இருப்பது நல்லது. குடகு நண்பர் முதலில் மண்ணைச் சோதிக்கட்டும். காப்பி வாரியத் தலைமையகம் அம்பேத்கர் வீதியில்தான் இருக்கிறது. விசாரித்தால் வழி சொல்வார்கள். சுண்ணாம்போடு யூரியாவையோ சாணி எருவையோ கலந்து இடக்கூடாது. தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். நீற்றாத சுண்ணாம்பை வெறுங்கையால் அள்ள வேண்டாம். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பிள்ளைகளை அருகே விடாதீர்கள்.