கஸ்கோனிய நீல நாயும் கிள்ளான் பள்ளத்தாக்கும்

பிரான்சு நாட்டின் தென்மேற்கில் கஸ்கோனி என்றொரு நிலப்பகுதி உண்டு. அங்கு உருவான பெரிய வேட்டை நாய் இனத்தைக் 'கிராண்ட் பிளூ டி கஸ்கோன்' என்பர். வெள்ளை உடலில் கரும்புள்ளிகள் நெருங்கிப் படர்ந்திருப்பதால், தொலைவிலிருந்து பார்த்தால் அது நீல நிறமாகத் தெரியும். ஆண் நாய் 65 முதல் 72 சென்டிமீட்டர் உயரம் வளரும்; அதாவது, தோள் சாப்பாட்டு மேசையை எட்டிவிடும். காதுகள் நீண்டு தொங்கும். கண்கள் சற்றே சோகமாகத் தோன்றும். முன்னாளில் ஓநாயையும் காட்டுப்பன்றியையும் மானையும் கூட்டமாகத் துரத்த இதை வளர்த்தனர்.

தமிழருக்கு வேட்டை நாய் புதிதன்று. சங்கப் பாடல்களில் நாய்க்கு 'ஞமலி' என்ற பெயரும் வழங்குகிறது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் கி.பி. 7ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று உள்ளது. அதில் வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்னும் அந்த நாய் கள்வர் இருவரைக் கடித்த செய்தியைக் கல்வெட்டே சொல்கிறது. நாய்க்குப் பெயர் சொல்லிக் கல் நட்ட ஊர் உலகில் எத்தனை இருக்கும்! ஆனால், நம் இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற இனங்கள் இரையைக் கண்ணால் கண்டு விரைந்து ஓடிப் பிடிப்பவை. கஸ்கோனிய நாயோ இரையைக் காணாமலே, அது நடந்துபோன தடத்தை மூக்கால் பற்றிக்கொண்டு மணிக்கணக்கில் நடக்கும். முன்னதற்கு வேகம் முதல். பின்னதற்குப் பொறுமை முதல். வீட்டில் வளர்க்கும்போது இந்த வேறுபாடு பெரிதாகிவிடும்.

மோப்பத்தின் ஆற்றலைக் கிள்ளான் பள்ளத்தாக்கு நேரில் கண்டிருக்கிறது. 2007ஆம் ஆண்டு மார்ச் மாதம் லக்கி, ஃபுளோ என்னும் இரண்டு கறுப்பு லாப்ரடார் நாய்கள் மலேசியாவுக்குக் கொண்டுவரப்பட்டன. திருட்டு வட்டுகள் பதுக்கப்பட்ட இடங்களை, வட்டு செய்யப்பயன்படும் பொருளின் மணத்தைக் கொண்டே அவை கண்டுபிடித்தன. அவற்றின் தலைக்குக் கள்ளச்சந்தையினர் விலை வைத்ததாகவும் நாளேடுகள் எழுதின. (நல்ல வட்டு எது, திருட்டு வட்டு எது என்று அவற்றுக்குத் தெரியாது, அந்த வேலை அதிகாரிகளுடையது.) 2022 டிசம்பர் 16ஆம் நாள் பத்தாங் காலியில் நிலச்சரிவு 31 உயிர்களைப் பறித்தபோது, மண்ணுக்கடியில் புதைந்தோரைத் தேடும் பணியில் தீயணைப்பு மீட்புத் துறையின் மோப்ப நாய்களும் ஈடுபட்டன.

இத்தகைய செய்திகளைப் படிக்கும்போது, பெரிய மோப்ப நாய் ஒன்றை வளர்க்கும் ஆசை பலருக்கு எழுவது இயல்பு. கஸ்கோனிய நாயை நம் ஊரில் காண்பது அரிது. அதே பிரெஞ்சு மரபில் வந்த குட்டைக்கால் பாசெட்டை அவ்வப்போது காணலாம். எதுவாயினும், அழகான குட்டியின் படத்தைப் பார்த்து முடிவெடுப்பதற்குமுன் அந்த நாய் இங்கே எப்படி வாழும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதற்சிக்கல் வெப்பம். நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுதும் வியர்க்காது. நாக்கை நீட்டி வேகமாக மூச்சிரைத்து, வாயின் ஈரத்தை ஆவியாக்கியே அது உடலைக் குளிர்விக்கிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்தால் ஈரம் எளிதில் ஆவியாகாது. கோலாலம்பூரில் பிற்பகல் வெப்பம் 32, 33 பாகையை எட்டுகிறது. ஈரப்பதமோ ஆண்டு முழுதும் குறைவதில்லை. கஸ்கோனியிலும் கோடை உண்டு. ஆனால், அங்கே வேட்டைக்காலம் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் வருகிறது. நம்மிடம் அப்படி ஒரு பருவமே இல்லை.

ஆகவே, நடைக்கு அழைத்துச் செல்லும் நேரம் வெயிலுக்கு முன்னும் வெயில் தாழ்ந்த பின்னுமே. தார்ச்சாலையில் புறங்கையை ஐந்து வினாடி வைத்துப் பாருங்கள். உங்களால் பொறுக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் பொறுக்காது. நிழலும் காற்றோட்டமும் குளிர்ந்த தரையும் எப்போதும் தண்ணீரும் வேண்டும். பூட்டிய காரில் ஐந்து நிமிடமும் விட்டுவிடக் கூடாது. நாய் தள்ளாடினால், எச்சில் கொழகொழவென வடிந்தால், ஈறுகள் கடுஞ்சிவப்பானால் அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம். உடனே உடலெங்கும் தண்ணீர் ஊற்றி, விசிறிக் காற்றில் நிறுத்தி, பிறகு கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். குளிர்விக்காமல் வண்டியில் ஏற்றுவது நேரத்தை வீணாக்குவதாகும்.

வெப்பத்தைப் போல விரைவாகக் கொல்வது இன்னொன்று உண்டு. அதைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. மார்புக்கூடு ஆழமான பெரிய நாய்களுக்கு இரைப்பையில் காற்று நிறைந்து, இரைப்பையே முறுக்கிக்கொள்ளும். வயிறு உப்பும், நாய் வாந்தியெடுக்க முயலும், ஆனால் எதுவும் வராது, நிலைகொள்ளாமல் அலையும். 'அஜீரணம், காலையில் சரியாகிவிடும்' என்று காத்திருந்தால் காலையில் நாய் இராது. சில மணி நேரத்திற்குள் அறுவைச் சிகிச்சை செய்தாக வேண்டும். உணவை ஒரே வேளையாகக் கொட்டாமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுப்பதும், உண்டவுடன் ஓடவிடாமல் இருப்பதும் நல்லது. இரவில் திறந்திருக்கும் மருத்துவகம் அருகில் எங்குள்ளது என்பதைக் குட்டி வீட்டுக்கு வரும் முன்பே அறிந்து வைத்திருக்க வேண்டும்.

தொங்கும் காதுகள் பார்க்க அழகு. ஆனால், காதின் உட்புறம் இருட்டாகவும் ஈரமாகவும் இருப்பதால் பூஞ்சைக்கு அது நல்ல இடம். வாரந்தோறும் துடைத்து, குளிப்பாட்டிய பின் நன்கு உலர்த்த வேண்டும். உண்ணிகளைத் தேடி எடுப்பதும், கொசு பரப்பும் இதயப்புழுவுக்கு மருந்து கொடுப்பதும் இங்கே தவறாத வேலைகள். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் புகுந்ததைப் போன்ற வேளைகளில், எலிச்சிறுநீர்க் காய்ச்சல் என நாம் அஞ்சும் நோய் நாயையும் தாக்கும். அதற்குத் தடுப்பூசி உண்டு.

மிஞ்சிய குழம்புச் சோற்றை நாய்க்கு வைப்பது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பதால் அவ்வழக்கத்தை விட்டுவிடலாம். வெந்த கோழி எலும்பும் வேண்டா.

இனி, மூக்கு. பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் இந்த நாயோடு நடப்பதாகக் கற்பனை செய்யுங்கள். வாழை இலைச் சாப்பாட்டுக் கடை, பூமாலைக் கடை, வடை பொரியும் வண்டி, மூலையில் நேற்றிரவு பூனை போன தடம்! நமக்கு ஒரு தெரு. அதற்கு ஒரு நூலகம். ஒரு மணத்தைப் பற்றிவிட்டால் நீங்கள் கூப்பிடுவது அதன் காதில் ஏறாது. அது கீழ்ப்படியாமை அன்று. பல தலைமுறையாக அந்த வேலைக்கென்றே அதைத் தேர்ந்து வளர்த்தார்கள். வாரைக் கழற்றிவிட்டால் நேரே சாலைக்குள் இறங்கிவிடும். ஆகையால், வேலியில்லாத இடத்தில் வார் எப்போதும் கையில் இருக்க வேண்டும். வீட்டில், துணிக்குள் தின்பண்டம் ஒளித்துத் தேடச் சொல்வது அதற்குப் பெரும் மகிழ்ச்சி தரும்.

குரலும் அப்படியே. காட்டில் நாய்க்கூட்டம் எங்கே போகிறது என்று வேட்டைக்காரர் அறிவது அதன் ஆழ்ந்த, நீண்ட ஊளையால்தான். அங்கே குரல் ஒரு கருவி. கிள்ளானில் சுவரைப் பகிர்ந்துகொள்ளும் வரிசை வீட்டில், இரவு வேலை முடித்து உறங்கும் அண்டை வீட்டாருக்கு அது தொல்லை. முஸ்லிம் அண்டை வீட்டாருக்கு நாயின் எச்சில் பட்டால் சமய முறைப்படி தூய்மை செய்ய வேண்டிய கடமை உண்டு. எனவே, மின்தூக்கியில் அவர்கள் இருந்தால் அடுத்த முறைக்குக் காத்திருப்பதும், கழிவை அள்ளிப் பையிலிடுவதும் நாய் வளர்ப்போரின் பொறுப்பு. ஊராட்சி மன்ற உரிமம் பெற வேண்டும். அடுக்குமாடியாயின் நிர்வாகத்தின் விதியையும் கேட்டறிய வேண்டும். 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, விலங்கைக் கொடுமைப்படுத்துவோருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இத்தகைய நாய் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் வாழும். இரண்டாம் படிவத்தில் இருக்கும் மாணவர் ஒருவர் இன்று குட்டியைக் கொண்டுவந்தால், அவர் எஸ்.பி.எம். முடித்துக் கல்லூரி விடுதிக்குப் போகும்போது நாய்க்கு மூன்று, நான்கு வயதுதான். மீதி ஆண்டுகளில் அதை யார் நடத்திச் செல்வது? அம்மாவா, பாட்டியா? 35 கிலோ நாய் ஒரு பூனையைக் கண்டு இழுத்தால் பாட்டியின் மணிக்கட்டு என்னாவது? அம்பாங்கில் உள்ள எஸ்.பி.சி.ஏ. சிலாங்கூர் போன்ற காப்பகங்களில், நம் வெயிலுக்குப் பழகிய குறுமயிர் உள்ளூர் நாய்கள் வீடு தேடிக் காத்திருப்பதையும் குடும்பத்தோடு பேசிப் பார்க்கலாம்.

பேச்சு முடிந்த பின்னும் ஆசை குறையவில்லை என்றால் ஒரு சோதனை இருக்கிறது. நம் ஊரில் சூரியன் காலை ஏழு மணியளவில் எழுகிறது. பள்ளி மணியும் அதையொட்டியே அடிக்கிறது. ஆகவே, நாயின் காலை நடை ஐந்தரை மணி இருட்டில்தான். நாய் இல்லாமலே, வெறும் வாரைக் கையில் பிடித்துக்கொண்டு, மழையானாலும் தேர்வானாலும் இரண்டு வாரம் அந்த நேரத்தில் நடந்து பாருங்கள்.