பிள்ளையை மனநல வார்டில் சேர்க்கச் சொன்னால்...



யாராவது தனக்குத்தானே பேசிக்கொண்டு போனால், "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பு" என்று பிரட்டுக் களத்தில் நாம் கேலி பேசியிருக்கிறோம். சிங்கப்பூரில் அதே கேலிக்கு "உட்பிரிட்ஜ்" என்று பெயர். நம் வீட்டுப் பிள்ளையையே வார்டில் சேர்க்கணும் என்று டாக்டர் சொல்லும் நாளில், அந்தப் பேச்சு முள்ளாகக் குத்தும்.

சிங்கப்பூரில் நமக்குச் சொந்தபந்தங்கள் இருப்பதால் அங்குள்ள நிலையை முதலில் சொல்கிறேன். இன்றைய புக்கிட் மேரா வட்டாரத்தில், பொது மருத்துவமனை இருக்கும் பக்கத்தில், 1887இல் பைத்தியக்கார ஆஸ்பத்திரி ஒன்றைத் திறந்தார்கள். அந்தக் காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். 1928இல் புது மருத்துவமனை இயோ சூ காங் பக்கம் வந்தது. 1951இல் அதற்கு உட்பிரிட்ஜ் என்று பெயர் வைத்தார்கள். 1993இல் புவாங்கோக் போய் இன்று மனநலக் கழகமாக இருக்கிறது. பழைய ஆஸ்பத்திரி இருந்த அதே வட்டாரத்தில், செகண்ட் ஹாஸ்பிட்டல் அவென்யூவில், இப்போது சிறார் வழிகாட்டி மருந்தகம் நடக்கிறது. பிள்ளை டாக்டரிடம் பேசிவிட்டு அன்றே வீடு திரும்பலாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதுவே போதும்.

சில பிள்ளைகளுக்குப் போதாது. சாகப்போறேன் என்று சொல்வது, தன்னையே காயப்படுத்திக்கொள்வது, நாட்கணக்கில் உண்ணாமல் உறங்காமல் இருப்பது, யாருக்கும் கேட்காத குரல் தன் காதில் கேட்டு அதன்படி நடப்பது. இந்த நிலையில் இருபத்திநாலு மணி நேரமும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். வேலைக்குப் போகும் தாயால் அது முடியுமா? அதற்குத்தான் வார்டு. திருநீறு பூசுங்கள், முனியாண்டியிடம் வேண்டிக்கொள்ளுங்கள், தடுக்கவில்லை. அதற்காக டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். பொய் சொல்லி அழைத்துப் போகாதீர்கள். "மாமா வீட்டுக்குப் போறோம்" என்று காரில் ஏற்றி வார்டில் விட்டுவிட்டு வந்தால், அந்த ஏமாற்றம் பிள்ளை மனதில் தங்கிவிடும். பிறகு நீங்கள் மாத்திரையை நீட்டினாலும் சந்தேகப்படும். "ராசா, உனக்கு மனசு சரியில்ல. அம்மாவால தனியா பாத்துக்க முடியல. டாக்டருங்க பாத்துக்குவாங்க. ஞாயித்துக்கிழம வருவேன்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். அழும், கோபப்படும், பரவாயில்லை. ஆனால் ஞாயிறு என்று சொன்னால் ஞாயிறு போய் நில்லுங்கள். முதல் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். "கூட்டிட்டுப் போ" என்று கெஞ்சினால் டாக்டரைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டு அழைத்து வராதீர்கள்.

டாக்டரிடம் எதையும் மறைக்க வேண்டாம். அப்பா குடிப்பது, வீட்டில் அடிதடி, சொந்தத்தில் யாருக்காவது இதே நோய் இருந்தது, எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவர் போய்க் கிராணியிடம் சொல்லப்போவதில்லை.

ஜொகூரில் உள்ளவர்கள் சிங்கப்பூருக்கு ஓட வேண்டாம்; வெளிநாட்டாருக்கு அங்கே கட்டணம் அதிகம். அரசாங்க கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு தம்போயில் உள்ள பெர்மாய் மருத்துவமனைக்குப் போகலாம். மனம்விட்டுப் பேச மலேசியாவில் 15555, சிங்கப்பூரில் 1771 என்ற எண்கள் இருக்கின்றன. உயிருக்கே ஆபத்து என்றால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

பிள்ளை திரும்பி வரும் முன் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். களைக்கொல்லியும் பூச்சி மருந்தும் வீட்டில் இருக்கவே கூடாது. மலேசியாவில் பாராகுவாட் 2020இலேயே தடையாகிவிட்டது. பழைய போத்தல் எங்காவது கிடந்தால் தோட்ட ஸ்டோரில் ஒப்படையுங்கள். மாத்திரையைப் பூட்டி வைத்து, வேளைக்கு நீங்களே கையில் கொடுங்கள். "தெளிஞ்சிடுச்சே" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். பாதியில் விட்ட மருந்தால் நோய் திரும்பக்கூடும். தம்பி தங்கைகளுக்கும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள், அவர்களும் பயந்து போயிருப்பார்கள்.

லயத்தில் யாராவது கேட்டால் "ஆஸ்பத்திரியில இருந்துச்சு, இப்பத் தேவலை" என்றால் போதும். அதற்கு மேலும் துருவிக் கேட்பவருக்கு வேறு வேலை இல்லை என்று அர்த்தம்.