ஒற்றைப் பாட்டரியில் ஒரு விளக்கு

மின்வெட்டு இரவில் அறுந்த பாவிழையைத் தேடவும், விதைப்பையின் சீட்டைப் படிக்கவும் சிறு வெளிச்சம் போதும். கடிகாரத்தை ஓட்ட இயலாது நின்ற 1.5 வோல்ட் பாட்டரியே அதனை அளிக்கவல்லது. ஆயின், வெள்ளை எல்.இ.டி. எரிய ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். நேரே இணைத்தால் எரியாது. 1999-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஏடொன்றில் வெளியாகி, 'ஜூல் திருடன்' எனப் பெயர்பெற்ற சுற்று இக்குறையைத் தீர்க்கிறது.

தேவையானவை: எல்.இ.டி., ஃபெரைட் வளையம், பி.சி.547 டிரான்சிஸ்டர், 1,000 ஓம் மின்தடை, எனாமல் பூசிய செப்புக் கம்பி. சென்னை ரிச்சி தெருவில் இவை கிடைக்கும். தனித்தனியே சென்றால் பயணச் செலவு பொருளின் விலையை மிஞ்சும். மண்ணூர் அங்கத்தினர் பலர் கூடி வாங்குவதே சிக்கனம்.

செய்முறை: இரு கம்பிகளைச் சேர்த்து வளையத்தில் 15 சுற்றுச் சுற்றுக. முனைகளில் எனாமலைச் சுரண்டுக. ஒன்றன் தொடக்கத்தை மற்றதன் இறுதியுடன் முறுக்கிப் பாட்டரியின் நேர்முனையில் இணைக்க. எஞ்சிய முனைகளுள் ஒன்று கலெக்டருக்கும், மற்றது மின்தடை வழியே பேஸுக்கும் செல்லட்டும். எமிட்டரை எதிர்முனையில் சேர்க்க. விளக்கின் நீண்ட கால் கலெக்டரிலும், குட்டைக் கால் எமிட்டரிலும் அமைதல் வேண்டும். டிரான்சிஸ்டரின் தட்டைப் பக்கம் நம்மை நோக்கியிருக்க, இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர் என்பது வரிசை.

டிரான்சிஸ்டர் நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்னோட்டத்தை விட்டு விட்டு நிறுத்துகிறது. நிறுத்துந்தோறும் சுருளில் தேங்கிய காந்த ஆற்றல் உயர்ந்த மின்னழுத்தமாய்ப் பாய்ந்து விளக்கை எரிக்கிறது.

எரியாவிடில், ஒரு கம்பியின் இரு முனைகளையும் இடம் மாற்றிப் பார்க்க. கசிந்த பாட்டரியைப் பயன்படுத்தற்க. கைக்கும் கேடு, கம்பிக்கும் கேடு.