உண்ணி மேல் எண்ணெய் தடவாதீங்க!

ஒளித்துவைத்த டப்பாவை ஜி.பி.எஸ். துணையோடு தேடும் விளையாட்டு ஜியோகேச்சிங். 2000 மே மாதம் அமெரிக்காவின் ஓரிகனில் ஆரம்பித்தது. சனி, ஞாயிறானால் நண்பர்கள், நாய்கள் சகிதம் கிளம்பிவிடுகிறார்கள். பிள்ளையைப் பார்க்க அங்கே போகும் நம்மவர்களும் தாராளமாகச் சேர்ந்துகொள்ளலாம். நல்ல நடை!

ஆனால், டப்பா இருக்கும் புதரில் உண்ணியும் இருக்கும். அதுவும் வடகிழக்கு மாநிலங்களில் மான் உண்ணி கடித்தால் 'லைம்' நோய் வரலாம். வீடு திரும்பியதும் நாயின் காது, கழுத்துப்பட்டைக்கு அடி, விரலிடுக்கு. உங்கள் அக்குள், இடுப்பு, முழங்காலின் பின்பக்கம் எல்லாம் தடவிப் பாருங்க.

ஒட்டியிருந்தால் வேப்பெண்ணெய், நெருப்பு எதுவும் வேண்டாம் (சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்!). மிரண்ட உண்ணி, கிருமியை உள்ளே கக்கிவிடலாம். மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுங்க. 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் பெரும்பாலும் பயமில்லை. ஒரு மாதத்துக்குள் காய்ச்சலோ, வட்டமாகப் படரும் சிவப்போ வந்தால், கஷாயம் வைத்துக் காத்திருக்காமல் அங்குள்ள டாக்டரிடம் போயிடுங்க. ஆன்டிபயாடிக் மாத்திரைதான் இதற்கு மருந்து.