மூச்சை எண்ணும் செவிலியர்

கல்வராயன் மலை ஒரே மாவட்டத்துக்கு உரியதன்று. வெள்ளிமலையை உள்ளடக்கிய கிழக்குப் பகுதி, 2019ஆம் ஆண்டு உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளது. மேற்கே அது சேலம், தருமபுரி மாவட்டங்களுக்குள் நீள்கிறது. இங்கு வாழ்வோருள் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். (கேரளத்து மலையாளிகளோடு இவர்களைக் குழப்பிக்கொள்வோர் இன்றும் உளர். இவர்கள் தமிழ் பேசும் மலைமக்கள்.)

இம்மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே சிட்டிலிங்கி என்னும் பள்ளத்தாக்கு உள்ளது. 1993ஆம் ஆண்டு ரெஜி ஜார்ஜ், லலிதா என்னும் மருத்துவத் தம்பதியர் அங்கே ஒரு கூரைக் குடிசையில் சிகிச்சை தொடங்கினர். அக்காலத்தில் அப்பகுதியில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 150 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்துகொண்டிருந்தன. அறுவை சிகிச்சை வேண்டுமெனில் மலைப்பாதையில் நெடுந்தொலைவு செல்ல வேண்டும்.

வெளியூர்ச் செவிலியர் அங்கு வந்து தங்குவது அரிது. ஆகவே மருத்துவர் இருவரும் அப்பள்ளத்தாக்கின் பழங்குடிப் பெண்களையே தேர்ந்து, பேறு பார்க்கவும், மருந்து கொடுக்கவும், அறுவை அரங்கில் துணைநிற்கவும் பயிற்றுவித்தனர். அப்பெண்கள் ஊர்தோறும் சென்று கருவுற்ற தாய்மாரையும் சிறு குழந்தைகளையும் பரிசோதித்தனர். குழந்தை இறப்பு வெகுவாகக் குறைந்தது. முறையான செவிலியர் கல்வி தேவையில்லை என்று நாங்கள் இதனால் கூற வரவில்லை. ஆனால் எந்தப் பாடநூலும் தராத ஒன்று அவர்களிடம் இருந்தது: வந்தவள் ஏன் தாமதித்து வந்தாள் என்பது அவர்களுக்குச் சொல்லாமலே தெரியும்.

இதனை நாங்கள் பெரிதாக எண்ணுகிறோம். காய்ச்சல் கண்ட குழந்தையை மூன்றாம் நாள் தூக்கிவரும் தாய்க்கு வீட்டில் வேறு குழந்தைகள் இருக்கலாம். ஆடுகளை ஒப்படைக்க ஆள் இல்லாதிருக்கலாம். பேருந்துக் கட்டணத்துக்குக் கடன் வாங்கியிருக்கலாம். "இத்தனை நாள் என்ன செய்தாய்?" என்ற ஒரு சினச்சொல் அவளை அடுத்த முறை ஐந்தாம் நாள் வரச் செய்யும், அல்லது வராமலே இருக்கச் செய்யும். "எப்போதிருந்து பால் குடிக்கவில்லை, அம்மா?" என்று கேட்கும் செவிலியருக்கோ நோயின் வரலாறு முழுவதும் கிடைக்கிறது. கனிவு என்பது இங்கு நற்குணம் மட்டுமன்று, நோயறியும் கருவியும் ஆகும்.

அத்தகைய செவிலியர் கையாளும் எளிய முறை ஒன்றைக் குடும்பத்தாரும் கற்கலாம். சளி, இருமல் உள்ள குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது அதன் வயிற்றுத் துணியை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதைக் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்குதல் ஆகாது. சிசுவின் மூச்சு சீரற்றது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேலும், இரண்டு மாதம் முதல் ஓராண்டு வரை 50 அல்லது அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேலும் இருப்பின் அது வேகமூச்சு. நிமோனியாவின் அறிகுறியாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். மூச்சை இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பியும் விழிக்காவிட்டாலோ இரவென்று பாராமல் புறப்படுங்கள். 108ஐ அழையுங்கள்.

எடை குறைந்து பிறந்த சிசுவை மலைக்குளிரில் கொண்டுசெல்ல நேர்ந்தால், தொப்பி அணிவித்து, தாயின் வெறும் மார்போடு தோலும் தோலும் படும்படி நிமிர்த்தி அணைத்து, மேலே போர்வை சுற்றுங்கள். மூக்கும் வாயும் மூடாதிருக்கட்டும். தாயால் இயலாதபோது தந்தையும் பாட்டியும் இதனைச் செய்யலாம். வழியில் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம்.

வரும்போது, வீட்டில் கொடுத்த கைம்மருந்து, கடையில் வாங்கிய மாத்திரை, மந்திரித்த கயிறு எதுவாயினும் செவிலியரிடம் மறையாது கூறுங்கள். கயிற்றை யாரும் அறுக்கச் சொல்லமாட்டார்கள். கொடுத்த மாத்திரையின் அட்டையை மட்டும் மறவாமல் எடுத்து வாருங்கள்.